செருப்பைக் கடித்த நாயும் திருட்டு முழியும்

கேள்வி: நாங்கள் வெளியே போயிருக்கும்போது எங்கள் நாய் செருப்பைக் கடித்துக் குதறிவிடுகிறது. நான் உள்ளே நுழைந்ததுமே காதை மடக்கிக்கொண்டு ஓரமாகப் பதுங்குகிறது. தப்பு என்று தெரிந்தேதானே செய்கிறது? நாம் பேசுவது அதற்கு நிஜமாகவே புரியுமா?

பதில்: அந்தத் திருட்டு முழியைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்தார். தொடக்கூடாது என்று சொல்லித் தின்பண்டத்தை நாய்முன் வைத்துவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும், திரும்பி வந்ததும் நாய் தின்றுவிட்டது என்று சில சமயம் அவரிடம் பொய் சொல்லப்படும், அவரும் நம்பித் திட்டுவார். தின்றதா இல்லையா என்பதற்கும் முழிக்கும் சம்பந்தமே இல்லை, திட்டு விழுந்தால் முழி வந்தது. ஒரு பாவமும் அறியாத நாய்கள் திட்டு வாங்கியபோது இன்னும் அதிகமாகவே முழித்தன!

‘நான் திட்டுவதற்கு முன்பே பதுங்குகிறதே’ என்பீர்கள். தரையில் கிழிந்த செருப்பு, வாசலில் நீங்கள், இரண்டும் சேர்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். அது மன்னிப்பு இல்லை, ‘சண்டை வேண்டாம்’ என்ற கெஞ்சல். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவதும், சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்குவதும்கூடப் பல நேரம் பதற்றத்தின் அடையாளம்தான்.

சரி, பேச்சுக்கு வருவோம். சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றிருந்தது, ஆனால் அதற்கு எஜமானர் ஆண்டுக்கணக்கில் தினமும் மணிக்கணக்காகப் பயிற்சி கொடுத்தார் என்பதை மறக்க வேண்டாம். புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2016இல் 13 நாய்களை எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுக்கவைத்துப் பார்த்தார்கள். பாராட்டுச் சொல்லும் பாராட்டும் குரலும் சேர்ந்து வந்தால்தான் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி நன்றாக வேலை செய்தது. கொஞ்சும் குரலில் எதையோ உளறினால் போதாது.

ஆனால் ஓர் எழுத்து மாறிய சொற்களைப் பிரித்தறிவது அவற்றுக்குச் சிரமம். வீட்டில் ஒருவர் ‘உட்கார்’, இன்னொருவர் ‘சிட்’, மூன்றாமவர் ‘ஒக்காருடா’ என்றால் அது பாவம் என்ன செய்யும்? ஒரே சொல்லாக முடிவு செய்துகொள்ளுங்கள். எப்போதோ கடித்த செருப்புக்கு இப்போது திட்டிப் பயனில்லை, கடிக்க வேறு ஏதாவது கொடுத்துவிட்டு, செருப்பை எட்டாத உயரத்தில் வையுங்கள்.