மலேசியாவுல குளிர்காலமே இல்லையே, அப்புறம் எப்படி குளிர்காலப் பறவை பார்க்கப் போறீங்க?

நியாயமான கேள்விதான். பினாங்குல ஜனவரின்னா கொளுத்துற வெயிலு. குளிர் நமக்கில்ல, அந்தப் பறவைங்களுக்கு. ஜூன் ஜூலைல சைபீரியா, மங்கோலியா பக்கம் குஞ்சு பொரிச்சதுங்க, அங்க மண்ணு உறைஞ்சு இரை கிடைக்காம போறதுக்குள்ள நம்ம கடலோரச் சேத்துக்கு வந்து இறங்கிடும், மார்ச் வரைக்கும் இதுதான் அதுங்களுக்கு வீடு.

தைப்பூசம் முடிஞ்ச சனிக்கிழமை நாங்க அஞ்சு பேரு ரெண்டு காடியில தீவுலேர்ந்து பாலம் தாண்டி, பட்டர்வொர்த் மாமாக் கடையில ரொட்டி சானாய் பசியாறிட்டு, தெலுக் ஆயர் தாவார் கரைக்குப் போனோம். கேட்டு டிக்கெட்டுன்னு ஒண்ணும் கிடையாது, கோலா மூடா வரைக்கும் நீண்டு கிடக்குற வெறும் சேத்துக்கரை, ஆனா பறவைங்களுக்கு முக்கியமான இடம்னு உலக அளவுல பட்டியல்ல இருக்கு.

இங்க வர்றவங்க முதல்ல தண்ணி பார்க்கணும், அப்புறம்தான் மணி. கடல் வத்திக் கிடந்தா பறவைங்க எங்கயோ தூரத்துல புள்ளி புள்ளியாத்தான் தெரியும். அமாவாசை பௌர்ணமி ஒட்டி தண்ணி நல்லா ஏறும், ஏற ஏற சேறு சுருங்கி அதுங்களே நம்ம பக்கம் ஒதுங்கி வரும். ஏத்தம் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போயிடும், அதனால போன வாரம் போன நேரத்துக்கே இந்த வாரமும் போனா ஏமாந்துதான் திரும்பணும். நாங்க ஏத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போயி மர நிழல்ல உக்காந்துட்டோம்.

ஸ்கோப்புல, அதாவது தூரத்துல இருக்கிறதைக் கிட்டக் காட்டுற டெலஸ்கோப்புல, முதல்ல மாட்டுனது ஒரு கோட்டான், ஆந்தை இல்ல, இங்கிலீஷ்ல கர்லியூன்னு சொல்ற கரைப்பறவை. கீழ்ப்பக்கமா வளைஞ்ச அந்த நீள மூக்கை முகம் வரைக்கும் சேத்துக்குள்ள விட்டு, லேசா தலையைத் திருப்பி, ஒரு நண்டை இழுத்துச்சு. அப்படியே விழுங்கல, உதறுச்சு, கால் ஒவ்வொண்ணா கழண்டு விழுந்துச்சு, அப்புறம் உடம்பை மட்டும் லபக்குனு போட்டுச்சு. அஞ்சு பேரும் மாறி மாறி அதையேதான் பார்த்துட்டு இருந்தோம்.

அப்பதான் புதுசா வந்த தம்பி ஒருத்தன் போட்டோ எடுக்கச் சேத்துல இறங்கிட்டான். பத்து எட்டுகூட வைக்கல, மொத்தக் கூட்டமும் எழும்பிடுச்சு. கொஞ்ச நேரம் முன்னாடி ஏர்போர்ஸ் பிளேன் தலைக்கு மேல அலறிட்டுப் போனப்போ அசையாத கூட்டம் அது. எங்களைக் கூட்டிட்டுப் போன அண்ணன் கோவப்படல, "தம்பி, அதுங்க பசியாறுற நேரம்பா, எழுப்பாத"ன்னு மட்டும் சொன்னாரு.

அது சும்மா சொன்ன பேச்சில்ல. இந்தச் சேத்துல தின்னு சேர்க்குற கொழுப்புதான் திரும்பிப் போறதுக்கு பெட்ரோல். கோட்டானோட குடும்பத்துலயே பட்டைவால் மூக்கன்னு ஒண்ணு, நீளப் பயணத்துக்கு முன்னாடி வயித்தையும் குடலையும்கூடச் சுருக்கிட்டுக் கிளம்பும். 2022ல பிறந்து அஞ்சே மாசமான ஒரு மூக்கன், அலாஸ்காலேர்ந்து டாஸ்மேனியா வரைக்கும் 13,560 கிலோமீட்டர், 11 நாள் எங்கயும் இறங்காம பறந்துச்சு, உடம்புல மாட்டியிருந்த டிரான்ஸ்மிட்டர் காட்டிக் குடுத்த கணக்கு இது. ஆனா எல்லாத்தாலயும் அப்படி ஒரே மூச்சுல போக முடியாது, வழியில சேறு வேணும். தென் கொரியாவுல சேமங்கும்னு ஒரு இடத்துல 2006ல 33 கிலோமீட்டருக்குக் கடலை மறிச்சுச் சுவர் கட்டி முடிச்சாங்க, அங்க இறங்கிட்டு இருந்த பெரிய நாட் பறவைங்க கூட்டம் கூட்டமா காணாமப் போச்சு, இப்ப அது அழியுற அபாயத்துல இருக்கிற இனம். நம்ம கரையும் போயிடக்கூடாதுங்கிறது என்னோட பெரிய கவலை.

தம்பி வந்து எங்க பக்கத்துல உக்காந்துட்டான். அரை மணி நேரம் ஆச்சு, ஒவ்வொண்ணா திரும்பி இறங்குச்சு. ஒரு பவளக்கால் உள்ளான் தண்ணி விளிம்புல கொத்திக்கிட்டே கிட்டத்தட்ட அவன் காலடிக்கே வந்துச்சு, அந்தச் செவப்புக் காலுல ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிஞ்சுது. கேமரா அவன் மடியிலதான் இருந்துச்சு, எடுக்கல.

மார்ச்ல கிளம்ப ஆரம்பிச்சுடும். வர்றதா இருந்தா அடுத்த பௌர்ணமிக்கு வாங்க, தொப்பியும் குடிக்கத் தண்ணியும் மறக்காதீங்க, ஸ்கோப்பு நாங்க கொண்டு வர்றோம்.