வரையாமல் உட்கார்ந்திருக்கும் தம்பி

கேள்வி: மனச்சிதைவு நோயிலிருந்து தேறிவரும் என் தம்பியைச் சமூக ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போகிறேன். ஒரு கோடுகூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறான். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள், அம்மா. நானும் இப்படியொரு கூடம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: நான்கு பேர் நடுவில், யாரும் கேள்வி கேட்காத இடத்தில் அவர் உட்கார்ந்திருப்பதே பெரிய காரியம். அங்கே அவர் நோயாளி அல்லர். வண்ணம் கலக்கவோ தூரிகை கழுவவோ அவரை அழைத்துப் பார்க்கும்படி அங்கே கூடம் நடத்துபவர்களிடம் சொல்லுங்கள். சிலருக்குத் தாளைவிடக் களிமண் எளிதாகக் கைவரும்.

பிரேசில் மனநல மருத்துவர் நீசி ட சில்வெய்ரா, நோயாளிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதையும் மூளை அறுவை செய்வதையும் ஏற்க மறுத்து, 1946இல் ரியோ டி ஜெனிரோவின் மனநல மருத்துவமனையில் ஓவியக்கூடம் திறந்தார். அங்கே உருவான படைப்புகளுக்காக 1952இல் ஓர் அருங்காட்சியகமே எழுந்தது. அந்தப் பெண்மணியின் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

தம்பி வரையத் தொடங்கினால், ‘இது என்ன?’ என்று துருவ வேண்டாம். அவர் அனுமதியின்றி யாருக்கும் காட்டவும் வேண்டாம். படத்தை வைத்து நோயைக் கணிக்கிறேன் என்பவர்களை நம்பாதீர்கள். கூடம் மருந்துக்கு மாற்று அல்ல. மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் குறைக்காதீர்கள். கூட்டமும் சத்தமும் அவரை வதைத்தால் மட்டும், ஆள் குறைந்த வேளைக்கு மாற்றிக் கேளுங்கள்.