நடுவயதுச் சலிப்பைப் பற்றிய நகைச்சுவைப் படங்களில் பழைய நண்பர்களோடு சேர்ந்து பார்க்கத் தகுந்தது எது?

'சிட்டி ஸ்லிக்கர்ஸ்'. 1991-இல் வந்த அமெரிக்கப் படம். ரான் அண்டர்வுட் இயக்கம். எழுதியவர்கள் லோவல் கான்ஸும் பாபலூ மாண்டலும். சிரிக்கவும் வேண்டும், பேசுகிற விஷயம் பொய்யாகவும் இருக்கக் கூடாது என்று கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்துவதாக எனக்குத் தெரிந்தது இந்தப் படம்தான். கதையைக் கடைசிவரை சொல்லித்தான் பேசப் போகிறேன். முன்கூட்டியே தெரிவது பிடிக்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பதிலுக்கு வாருங்கள்.

நியூயார்க்கில் மூன்று நண்பர்கள். மிட்ச் (பில்லி கிரிஸ்டல்) வானொலியில் விளம்பர நேரம் விற்கிறவன். ஃபில் (டேனியல் ஸ்டெர்ன்) மாமனாரின் சூப்பர் மார்க்கெட்டில் மேனேஜர். வீட்டிலும் கடையிலும் தலைகுனிந்தே பழகிப்போனவன். எட் (ப்ரூனோ கிர்பி) விளையாட்டு வீரர்களுக்கான உபகரணங்கள் விற்கும் வியாபாரி. அழகான மனைவி வந்த பிறகும் குழந்தை என்ற பேச்சை எடுத்தால் நழுவுகிறவன். மிட்சின் 39-வது பிறந்தநாளுக்கு மற்ற இருவரும் கொடுக்கும் பரிசு, இரண்டு வாரப் பயணம். நியூ மெக்சிகோவிலிருந்து கொலராடோ வரை குதிரையில் போய் ஒரு மாட்டு மந்தையை ஓட்டிச் சேர்க்க வேண்டும். காசு கட்டி மாடு ஓட்டும் விடுமுறை. மிட்ச் தயங்குகிறான். போ, நீ தொலைத்த சிரிப்பைத் தேடிக் கொண்டு வா என்று மனைவி பார்பராதான் அனுப்பி வைக்கிறாள்.

மிட்சுக்கு என்னதான் குறை? வேலை இருக்கிறது, அன்பான மனைவி, பிள்ளைகள், வீடு எல்லாம் இருக்கின்றன. கஷ்டமே அதுதான். புகார் சொல்ல ஒன்றும் இல்லாதபோது வருகிற சலிப்பை யாரிடம் போய்ச் சொல்வது? என் அப்பா சோபா, நாற்காலிக்கு மெத்தை தைத்தார், அவர் செய்ததைத் தொட்டுப் பார்க்கலாம், நான் விற்பது வெறும் காற்று என்று ஓரிடத்தில் சொல்கிறான். இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் திறவுகோல் இதில் இருக்கிறது.

அப்புறம், மகனின் பள்ளியில் தன் தொழிலைப் பற்றிப் பேசப் போன இடத்தில் அவன் குழந்தைகளுக்கு ஆயுளின் ஒவ்வொரு பத்தாண்டையும் வரிசையாக எடுத்து விளக்குவான். நாற்பதில் தொப்பை, ஐம்பதில் சின்ன ஆபரேஷன், அறுபதில் பெரிய ஆபரேஷன் என்று போகும். சிரிப்பு நிற்காது, ஆனால் அந்தப் பேச்சில் இருப்பது முழுக்க மரண பயம். நடுவயது நெருக்கடி என்ற கருத்தை உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ் 1965-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தபோது அதன் தலைப்பிலேயே மரணமும் இருந்தது. ஆயுளில் பாதி போய்விட்டது, மீதிக்கும் முடிவு உண்டு என்பது அறிவுக்கு எட்டிய செய்தியாக இல்லாமல் உடம்பில் உறைக்கிற வயது அது. படம் இந்தப் பயத்தை மறைக்கவே இல்லை. என் மதிப்பு அங்கேயே கூடிவிட்டது.

இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பேசுவது கர்லியின் விரலைப் பற்றி. கர்லி, மந்தையை நடத்திச் செல்லும் கிழட்டு கௌபாய். நடித்தவர் ஜாக் பேலன்ஸ். உக்ரைனிலிருந்து வந்து பென்சில்வேனியாவில் குடியேறிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். நடிக்க வருமுன் குத்துச்சண்டை போட்டவர். 1953-இல் வந்த 'ஷேன்' படத்தில் கூலிக்குக் கொல்லும் துப்பாக்கிக்காரனாக வந்த முகம் அது. அந்தக் காலத்து வெஸ்டர்ன் படங்கள் மொத்தமும் ஒரு ஆளாகக் குதிரையேறி வந்ததுபோல் இதில் நுழைகிறார். 1950-களில் இரண்டு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்காதது, இந்த வேடத்துக்காக 1992-இல், 73 வயதில் கிடைத்தது. மேடையிலேயே குனிந்து ஒற்றைக் கையால் தண்டால் எடுத்துக் காட்டினார். அன்று விழாவைத் தொகுத்து வழங்கியவர் பில்லி கிரிஸ்டலேதான்.

கர்லியும் மிட்சும் தனியாகக் குதிரையில் போகும்போது, நகரத்துக்காரர்களாகிய நீங்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வயதில் ஒரே சிக்கலோடு இங்கே வருகிறீர்கள் என்கிறார் கர்லி. வாழ்க்கையின் ரகசியம் என்ன தெரியுமா என்று கேட்டு ஒரு விரலைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அது என்ன என்று மிட்ச் கேட்க, அதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார். நல்ல காட்சி. ஆனால் இந்த விரலை மட்டும் வெட்டி எடுத்துத் தன்னம்பிக்கைப் பேச்சுகளில் உபதேசமாகப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம்தான். ஏனென்றால் அதற்குப் பிறகு சீக்கிரமே கர்லி செத்துப்போகிறார். உட்கார்ந்த நிலையிலேயே உயிர் போய்விடுகிறது. பதில் தெரிந்த ஒரே மனிதரைப் பாதி வழியில் புதைத்துவிட்டு, குருவில்லாமல் மூன்று பேரை மந்தையோடு விட்டுவிடுகிறது படம். நான் இதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணமே அந்தப் பின்பாதிதான்.

சமையல்காரர் குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்துக் காலை உடைத்துக்கொள்கிறார். உதவிக்கு இருந்த இரண்டு முரட்டு ஆட்களும் குடித்து ரகளை செய்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். மற்ற விருந்தினர்கள் கிளம்புகிறார்கள். மந்தையை விட்டுவிட்டுப் போவதில் நியாயமான காரணம் நூறு உண்டு. எட்டும் ஃபில்லும் மறுக்கிறார்கள். மிட்ச் தயங்கினாலும் வந்து சேர்ந்துகொள்கிறான். காற்றை விற்றவன் கையில் இப்போது கயிறு இருக்கிறது, முன்னால் மாடுகள் இருக்கின்றன, கரை சேர்க்க வேண்டிய ஆறு இருக்கிறது. தொடங்கியதை முடிப்பது என்பது அவர்கள் வயதில் எவ்வளவு அரிதாகிப் போன சுகம் என்பதைப் படம் வார்த்தையில் சொல்வதில்லை. மழையில் நனைந்துகொண்டு அவர்கள் போடும் கூச்சலிலேயே தெரிந்துவிடுகிறது.

கர்லி உயிரோடு இருந்தபோதே, வழியில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது. கர்லி அதட்ட அதட்ட மிட்ச்தான் கையை விட்டுக் கன்றை இழுத்தெடுக்கிறான். தாய் பிழைக்காது என்று தெரிந்து கர்லி அதைச் சுட்டுவிடுகிறார். அந்தக் கன்றுக்கு மிட்ச் வைக்கும் பெயர் நார்மன். பிறகு ஆற்றில் வெள்ளம் நார்மனை அடித்துக்கொண்டு போகும்போது அவன் பின்னாலேயே பாய்கிறான். அவனைக் கரைசேர்க்க மற்ற இருவரும் போராடுகிறார்கள். உயிரைக் கொடுத்து ஓட்டிவந்த மந்தையை, பண்ணை முதலாளி அடிமாடாக விற்கப் போகிறார் என்பது கொலராடோவுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. நார்மனை மட்டும் மிட்ச் தன்னோடு நியூயார்க்குக்குக் கூட்டிப் போகிறான். உழைப்புக்குப் பலன் இப்படித்தான் முடியும் என்று தெரிந்தும் அந்த உழைப்பு வீணாகவில்லை என்று நமக்குப் படுகிறதே, எழுதியவர்களின் திறமை அங்கே இருக்கிறது.

சரி, நட்புக்கு வருகிறேன். குதிரைமேல் போகும்போது மூவரும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வார்கள்: உன் வாழ்க்கையின் மிக நல்ல நாள் எது, மிக மோசமான நாள் எது?

மிட்ச் தன் ஏழாவது வயதைச் சொல்கிறான். அப்பா முதல்முறையாக யாங்கி ஸ்டேடியத்துக்கு பேஸ்பால் பார்க்கக் கூட்டிப்போன நாள். வீட்டில் கருப்பு வெள்ளை டிவி. இருட்டான நுழைவழியைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்தபோது புல்லின் பச்சையைப் பார்த்து வாயடைத்துப் போனது, பக்கத்தில் உட்கார்ந்து அப்பா ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தது, யாங்கி அணியின் நட்சத்திரம் மிக்கி மேண்டில் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தது. பில்லி கிரிஸ்டலும் அப்படித்தான், 1956-இல் அப்பாவோடு போய் முதல் ஆட்டம் பார்த்தவர். அவருடைய பதினைந்தாம் வயதில் அந்த அப்பா இறந்துபோனார். இது தெரிந்தபின் அந்த வசனத்தை அவர் சொல்லும் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எட் முதலில் மாட்டேன் என்பான். வற்புறுத்திய பிறகு சொல்வான். வயது 14. அப்பா வேறொரு பெண்ணோடு பழகுவது வீட்டில் மறுபடியும் சண்டையாகிறது. நீங்கள் எங்களுக்கு வேண்டாம், அம்மாவையும் தங்கையையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடுகிறான். அவர் அடிக்கக் கை ஓங்கியும் இவன் அசையவில்லை. அப்பா போய்விடுகிறார். அதுதான் என் நல்ல நாள் என்கிறான். மோசமான நாள்? அதே நாள்தான்.

படம் முழுக்க வாய்ச்சவடால் விடும் எட், குழந்தை என்றால் ஏன் பயப்படுகிறான் என்பதை இந்த ஒரு பதில் திறந்து காட்டிவிடுகிறது. யாரும் விளக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. குதிரைகள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஆண்கள் மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கையில் ஏதோ ஒரு வேலையோடு. இன்னொரு இடத்தில் ஃபில், பதினெட்டு வயதில் அப்பாவோடு எதைப் பற்றியும் பேச முடியாமல் போனபோதும் பேஸ்பாலைப் பற்றிப் பேச முடிந்தது என்பான். நம் வீடுகளில் எத்தனையோ அப்பாக்களும் மகன்களும் கிரிக்கெட் ஸ்கோர் வழியாக மட்டுமே பேசிக்கொண்டதை எண்ணிப் பார்த்தால் அந்த இடம் நன்றாகப் புரியும்.

என் கல்லூரி நண்பர்கள் இருவரோடு இதைப் பார்த்த அன்று, படம் முடிந்ததும் ஒருவன் அந்தக் கேள்வியையே எங்களிடம் கேட்டான். மற்றவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவன் அப்பா திடீரென்று போனபின் அவர் கடையை எடுத்து நடத்துகிறவன் அவன். ஈமக்காரியங்கள் முடிந்து முதல் காலையில் தனியாக ஷட்டரைத் தூக்கிய நாளைச் சொன்னான். நல்ல நாளா, மோசமான நாளா என்று நாங்கள் கேட்கவில்லை. எட்டின் பதிலைக் கேட்டுவிட்டுத்தானே உட்கார்ந்திருந்தோம்.

ஃபில்லின் கதையும் எனக்குப் பிடிக்கும். கடையின் காஷியர் பெண்ணோடு பழகியது வெளியே வந்து வேலையும் போய், குடும்பமும் போய்விட்டது. துப்பாக்கி வைத்திருந்த முரடனை அடக்கிய வேகத்திலேயே உடைந்து அழுகிறான். சின்ன வயதில் பந்து மரத்தில் மாட்டிக்கொண்டால் அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி ஆடுவோமே, உன் வாழ்க்கை இப்போது அப்படித்தான் என்கிறான் மிட்ச். சிறுவயது நண்பனால் மட்டுமே சொல்லக்கூடிய ஆறுதல் இது.

வெஸ்டர்ன் பின்னணி வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. ஒளிப்பதிவு டீன் செம்லர். 'டான்சஸ் வித் உல்வ்ஸ்' படத்துக்காக 1991-இல் ஆஸ்கர் வாங்கியவர். கிண்டல் படத்துக்கான மேற்கை அவர் எடுக்கவில்லை, அசல் மேற்கையே எடுத்திருக்கிறார். அந்தப் பாதைக்கும் சரித்திரம் உண்டு. 1866-இல் சார்லஸ் குட்நைட், ஆலிவர் லவிங் என்ற இருவர் டெக்சாஸிலிருந்து நியூ மெக்சிகோவுக்கு மந்தை ஓட்டினார்கள். அந்த வழி பிறகு கொலராடோ வரை நீண்டது. மந்தையோடு போகும் சமையல் வண்டியை உருவாக்கியவராகச் சொல்லப்படுபவரும் குட்நைட்தான். மறு வருடம் கோமான்ச்சி பழங்குடியினரின் தாக்குதலில் காயப்பட்டு லவிங் இறந்தபோது, கொடுத்த வாக்குப்படி நண்பனின் உடலை டெக்சாஸுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் குட்நைட். முள்வேலியும் ரயிலும் வந்து இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தத் தொழில் முடிந்துபோனது. பிழைப்புக்காக மாடு ஓட்டியவர்களின் நாட்டில் மனநிம்மதிக்காகக் காசு கட்டி மாடு ஓட்ட வருகிறார்கள் என்பது கர்லிக்குத் தெரியும். அவர் பார்வையில் இருக்கும் கடுப்புக்கும் இரக்கத்துக்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

படத்தில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. ஃபில்லின் மனைவியை வெறும் எரிச்சல்காரியாகக் காட்டியது அநியாயம். அந்தக் காஷியர் பெண்ணுக்கு என்ன ஆனது என்று யாரும் கவலைப்படுவதில்லை. பயணத்தில் தனியாக வரும் பானிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை. பார்பரா மட்டும்தான் முழு மனுஷியாகத் தெரிகிறாள். மிட்சின் மகனாக வரும் பையனைக் கவனியுங்கள். பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான ஜேக் ஜிலென்ஹாலின் முதல் படம் இது.

படத்தில் உடலுறவு பற்றிய பேச்சு நிறைய வருவதால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டாம். சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். வீடியோ ரெக்கார்டரில் எப்படிப் பதிவு செய்வது என்று மிட்ச் ஃபில்லுக்கு மணிக்கணக்கில் விளக்கி, எட் வெடிக்கும் இடத்தில் ஒரு சொல்லைக்கூட விட்டுவிடக் கூடாது. 1994-இல் வந்த இரண்டாம் பாகத்தைத் தேட வேண்டியதில்லை. கர்லியின் இரட்டைச் சகோதரராக பேலன்ஸ் அதிலும் வருகிறார், புதையல் தேடுகிறார்கள். ஆனால் ப்ரூனோ கிர்பி அதில் இல்லை. மூன்று பேருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த அந்தப் பேச்சும் இல்லை.