கீழ் பல்செட் நிற்கவில்லையா? பல் மருத்துவரின் பதில்கள்

அம்மாவுக்கு 71 வயது. மேல் செட் கச்சிதமாக இருக்கிறது. கீழ் செட் பேசினாலே எழும்புகிறது. கல்யாண வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டார். டாக்டர் சரியாகச் செய்யவில்லையா?

அவசரப்பட்டு டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். மேல் செட் அண்ணம் முழுக்கப் படிந்து எச்சிலின் பிடியில் நிற்கும். கீழே லாடம் போல ஒரு குறுகிய எலும்பு வரப்புதான். நாக்கு வேறு ஓயாமல் தள்ளும். அந்த வரப்பும் வருடா வருடம் கரையும். 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1972இல் வெளியான ஆய்வில், கீழ்த்தாடை மேல்தாடையைப்போல நான்கு மடங்கு கரைந்திருந்தது.

முதலில் செட்டின் அடிப்பக்கத்தை ஈறுக்கு ஏற்ப ரீலைன் செய்து, அதாவது புதிதாகப் பூசிப் பொருத்திப் பாருங்கள். அடங்காவிட்டால், கீழே கோரைப்பல் இருந்த இரண்டு இடங்களில் இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்புக்குள் பதிக்கும் திருகு, வைக்கலாம். செட் அதன்மேல் பிரஸ் பட்டன் போல ‘டிக்’ என்று உட்காரும். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுதான் முதல் தேர்வு என்று 2002இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் செட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வெளியே போனால் மாட்டுவார், சாப்பிட உட்கார்ந்தால் கழற்றிவிடுவார். சாப்பிட உதவாத பல்லால் என்ன பயன்? வாழ்க்கைத்தரத்தை அளக்க நாங்கள் பயன்படுத்தும் 14 கேள்விகளில் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்துவது, நாலு பேர் முன் கூச்சப்படுவது எல்லாம் உண்டு. அம்மாவிடமும் அதைக் கேளுங்கள்.

மேலும் கீழும் இம்ப்ளான்ட் வைக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு பணம் இல்லை.

மேல் செட் நன்றாக நின்றால் அதைத் தொடவேண்டாம். மேலே பெரும்பாலும் குறைந்தது நான்கு வைக்கவேண்டிவரும். ஆனால் கீழே தெரிகிற அளவு மாற்றம் அங்கே தெரியாது. இருக்கிற பணத்தைக் கீழே போடுங்கள்.

சாதா செட்தான், பன்னிரண்டு வருடமாகத் தொந்தரவில்லை. மாற்றவேண்டுமா?

வேண்டாம்.

சர்க்கரை இருக்கிறது. வைக்கலாமா?

கட்டுப்பாட்டில் இருந்தால் வைக்கலாம். சிகரெட்டை விடுங்கள். அப்புறம், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். தாடைப் புண் ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

வைத்தபிறகு செலவே இருக்காதா?

இருக்கும். செட்டின் உள்ளே இம்ப்ளான்ட்டைப் பிடித்திருக்கும் நைலான் வளையம் தேய்ந்து பிடி தளரும். மாற்றவேண்டும், சின்ன வேலைதான். இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, இம்ப்ளான்ட்டைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். அங்கே அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்கி, எலும்பும் கரையும்.