மார்பகப் புற்றுநோயைத் தவறாகக் கண்டறிந்தால் இழப்பீடு கோரலாமா? கேள்வி பதில்

நுகர்வோர் ஆணையங்களில் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் வழக்குரைஞர் என்ற முறையில், எனக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒருவருடைய ஆவணங்களைப் படிக்காமல் அவருடைய வழக்கு வெல்லுமா என்று சொல்வது முறையல்ல என்பதால், சட்டத்தின் நிலையை மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (திருச்சி): என் தங்கைக்கு வயது 33. குழந்தைக்குப் பால் கொடுத்துவந்தபோது மார்பில் கட்டி தெரிந்தது. பால் கட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, ஸ்கேன்கூட எடுக்காமல் எட்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது மூன்றாம் நிலைப் புற்றுநோய் என்கிறார்கள். வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால் மருத்துவரின் கணிப்பு பொய்த்துப்போனது என்பது மட்டுமே கவனக்குறைவாகிவிடாது. அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்தச் சூழலில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதே அளவுகோல் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மார்பில் கட்டி என்று வருபவருக்குக் கையால் தொட்டுப் பரிசோதித்தல், ஸ்கேன் அல்லது மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), தேவைப்பட்டால் ஊசி வழியாகவோ திசு எடுத்தோ செய்யும் சோதனை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் மருத்துவ நடைமுறை. பால் கொடுக்கும் காலத்தில் மார்பகத் திசு அடர்ந்திருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துபோகக்கூடும். அதனால்தான் அல்ட்ராசவுண்டை முதலில் எடுக்கிறார்கள். முதல் நாளில் பால் கட்டு என்று நினைத்ததை யாரும் குறைசொல்ல முடியாது. சில வாரங்களில் கரையாத கட்டியை எட்டு மாதம் படமெடுத்துப் பார்க்காமலே விட்டதுதான் உங்கள் வழக்கின் உயிர்.

இன்னொன்றையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். அந்த எட்டு மாதத் தாமதத்தால் உங்கள் தங்கை எதை இழந்தார்? முன்பே கண்டறிந்திருந்தால் நோய் எந்த நிலையில் இருந்திருக்கும், எந்தச் சிகிச்சை போதுமானதாக இருந்திருக்கும் என்று புற்றுநோய் மருத்துவர் ஒருவரிடம் எழுத்தில் கருத்துப் பெறுங்கள். எப்படியும் இந்த நிலைதான் வந்திருக்கும் என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். ஒவ்வொரு மருந்துச் சீட்டிலும் உள்ள தேதியையும், கட்டியின் அளவு எங்காவது குறிக்கப்பட்டிருந்தால் அதையும் வரிசைப்படுத்தி வையுங்கள்.

கேள்வி (மதுரை): என் மனைவிக்குப் புற்றுநோய் என்று சொல்லி மார்பகத்தை அகற்றினார்கள். அகற்றிய திசுவைச் சோதித்தபோது புற்றுநோய் இல்லை, சாதாரண நார்க்கட்டி என்று முடிவு வந்தது. மருத்துவமனை பேச மறுக்கிறது.

பதில்: உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதல் பயாப்ஸியின் (திசுப் பரிசோதனையின்) கண்ணாடி ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை வாங்குங்கள். அறிக்கை வெறும் தாள், பிளாக்தான் சாட்சி. எடுத்த திசுவை மெழுகில் புதைத்து, எண் பொறித்த சிறு பிளாஸ்டிக் கூட்டில் வைத்திருப்பார்கள். அதிலிருந்து மறுபடியும் மெல்லிய சீவல்களை வெட்டி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் மறு ஆய்வு செய்யலாம்.

நான் நடத்திய வழக்கொன்றில் அறிக்கையைப் பத்து முறை படித்தும் எதுவும் பிடிபடவில்லை. ஸ்லைடு கைக்கு வந்த அன்று, கண்ணாடியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த எண்ணின் கடைசி இலக்கம் அறிக்கையில் இருந்த எண்ணோடு பொருந்தவில்லை. இரண்டு பெண்களின் திசுக்கள் மாறியிருந்தன. இன்னொரு பெண் தனக்கு நோயில்லை என்ற நம்பிக்கையோடு வீட்டில் இருந்திருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

கேரளத்தில் 2019ல், தனியார் ஆய்வகம் ஒன்று தந்த முடிவின் பேரில் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு பெண்ணுக்குக் கீமோ தொடங்கப்பட்டு, பின்னர் அவருக்குப் புற்றுநோயே இல்லை என்று தெரியவந்தது. வெளியிலிருந்து வந்த முடிவைத் தம் ஆய்வகத்தில் சரிபார்க்கும் முன் சிகிச்சையைத் தொடங்கலாமா என்ற கேள்வியை உங்கள் புகார் மனுவிலும் எழுப்புங்கள். ஒப்புதல் படிவத்தையும் பாருங்கள். சோதனைக்கு மட்டும் கையெழுத்து வாங்கிவிட்டு மார்பகத்தை அகற்றியிருந்தால் அது தனிக் குற்றச்சாட்டாகும். சோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணின் கருப்பையையும் சூலகங்களையும், தாயின் சம்மதத்தை மட்டும் பெற்று அகற்றியது செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் 2008ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கேள்வி (ஈரோடு): தவறு நடந்து மூன்று ஆண்டுகளாகிவிட்டது. இனி வழக்குப் போட முடியாதா?

பதில்: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி காலவரம்பு இரண்டு ஆண்டுகள். தவறு நடந்த நாளிலிருந்து எண்ணுவதா, அது தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவதா என்பதுதான் சிக்கல். ஸ்ரீகண்டே வழக்கில் 1993ல் பித்தப்பை அறுவை செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் துணி இருந்தது 2002ல் தெரியவந்தது. அவர் 2004ல் புகார் கொடுத்தார். தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்ற கோட்பாட்டை 2010ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒன்பது ஆண்டுகளாக வலி இருந்தும் அவர் அறுவை செய்த மருத்துவரை அணுகவில்லை என்று கூறி அவர் புகாரைத் தள்ளுபடி செய்தது. உங்களுக்கு எப்போது தெரிந்தது என்பதைக் காட்டும் ஆவணத்தோடு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.

கேள்வி (கோவை, அறுவை மருத்துவர்): இப்படி ஊக்கப்படுத்தினால் ஒவ்வொரு தவறான கணிப்புக்கும் வழக்கு வரும். பயத்தில் எல்லாக் கட்டியிலும் ஊசியால் திசு எடுத்துச் சோதிப்போம். நிபுணர் கருத்து இல்லாமலே மருத்துவரை ஆணையத்துக்கு இழுப்பது நியாயமா?

பதில்: மருத்துவரே, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. நிபுணர் கருத்துப் பெற்ற பின்பே மருத்துவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2009ல் டிசூசா வழக்கில் சொல்லப்பட்டது. அது அதிக நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு முன்பு கூறியதோடு முரண்படுவதால் எல்லா வழக்குக்கும் பொருந்தாது என்று 2010ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றமே விளக்கியது. அங்கே மலேரியா கண்ட பெண்ணுக்கு டைஃபாய்டு சிகிச்சை கொடுத்து அவர் இறந்தார். மாவட்ட நுகர்வோர் மன்றம் அளித்த 2 லட்சம் ரூபாய் நிலைநிறுத்தப்பட்டது.

அதே மருத்துவர்: மலேரியா எளிய வழக்கு. நுண்ணோக்கியில் செல்லைப் பார்த்து முடிவு சொல்வதில் இரண்டு நிபுணர்களே மாறுபடுவார்கள்.

பதில்: உண்மை. இயல்பு மீறிய செல் பெருக்கத்துக்கும் பால்நாளத்துக்குள் அடங்கிய ஆரம்பப் புற்றுக்கும் இடைப்பட்ட எல்லையில் நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கலாம். அத்தகைய வழக்குகளை நான் ஏற்பதில்லை. மருத்துவக் கருத்தில் மாறுபட்டதாலேயே ஒருவர் கவனக்குறைவானவர் ஆகிவிடமாட்டார் என்று 2010ல் குசும் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஆனால் எல்லையில் நிற்கும் முடிவு என்று தெரிந்தபின், இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டாமல் மார்பகத்தை அகற்றுவதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்? மாறுபாடு வரும் என்று நீங்களே சொல்வதால்தான் இரண்டாம் கருத்து கட்டாயமாகிறது.

கேள்வி (சென்னை, கதிரியக்க மருத்துவர்): நோய் இன்ன இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தபின் பழைய மேமோகிராமைப் பார்த்தால் எல்லாருக்கும் அது தெரியும். அன்று பார்த்தவருக்கு அந்த வசதி இல்லையே?

பதில்: முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பழைய படங்களை மறு ஆய்வுக்கு அனுப்பும்போது பின்னர் வந்த முடிவைச் சொல்லாமல், வேறு சிலருடைய படங்களோடு கலந்து அனுப்புகிறேன். அப்போதும் அவர் அதே இடத்தைச் சுட்டினால்தான் வழக்கை எடுக்கிறேன். கோவை மருத்துவருக்கும் இதையே சொல்கிறேன்: இந்தச் சோதனையைத் தாண்டிவரும் வழக்கு மருத்துவத் தொழிலுக்கு எதிரானதல்ல.

கேள்வி (நாகர்கோவில்): எவ்வளவு இழப்பீடு கிடைக்கும்?

பதில்: நிலையான தொகை கிடையாது. சிகிச்சைச் செலவு, வருமான இழப்பு, எதிர்காலச் சிகிச்சை, உடல், மன வேதனை எல்லாம் கணக்கிடப்படும். குணால் சாகா வழக்கில் 2013ல் சுமார் 6 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. அது விதிவிலக்கு, அதை எண்ணிக்கொண்டு மனுத் தாக்கல் செய்யாதீர்கள்.

கேள்வி (வேலூர்): ஒரு கோடி கேட்டால் டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்குப் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். இப்போதைய சட்டத்தில் நீங்கள் கோரும் தொகையைப் பார்ப்பதில்லை, மருத்துவமனைக்குச் செலுத்திய தொகையைத்தான் பார்க்கிறார்கள். அது 50 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையமே போதும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

கேள்வி (தஞ்சாவூர்): அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்தோம்.

பதில்: எல்லாருக்கும் முற்றிலும் இலவசமான சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995ல் தீர்ப்பானது. உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் வழி. இ.எஸ்.ஐ. மருத்துவமனை என்றால் ஆணையத்துக்கே போகலாம்.

கேள்வி (கடலூர்): மருத்துவரைக் கைது செய்ய வைக்க முடியுமா?

பதில்: குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு தேவை. மருத்துவ கவுன்சில் உரிமத்தை நிறுத்திவைக்கலாம், இழப்பீடு தராது. உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

கேள்வி (லண்டன்): இங்கே எப்படி?

பதில்: அங்கே பொதுவாகத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். 2005ல் கிரெக் வழக்கில் ஒன்பது மாதத் தாமதத்தால் பிழைக்கும் வாய்ப்பு 42 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைந்தும் இழப்பீடு மறுக்கப்பட்டது. அங்குள்ள சொலிசிட்டரை (வழக்குரைஞரை) உடனே பாருங்கள்.

கேள்வி (நெல்லை): மேமோகிராமில் பை-ராட்ஸ் 4 என்று போட்டிருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: திசுப் பரிசோதனை தேவை என்பதே அதன் பொருள். என்னை விட்டுவிட்டு இன்றே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி (சேலம்): இரண்டு ஆண்டு தாண்டிவிட்டது, என்ன செய்வது?

பதில்: ஈரோட்டுக்காரருக்குத் தந்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): மருத்துவமனை தவறவிட்ட புற்றுநோய் அம்மாவுக்கு இருப்பது நேற்றுத்தான் தெரிந்தது. வழக்கு முடியும்வரை அதே மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடங்காமல் இருக்கலாமா?

பதில்: கூடாது. வழக்குக்காக ஒரு நாள்கூடச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். நம்பிக்கை போய்விட்டால் வேறு மருத்துவமனைக்கு மாற்றுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி சொல்கிறது. விண்ணப்பத்தை நாளைக் காலையில் கொடுங்கள். பிளாக்கையும் சேர்த்துக் கேளுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், என்னிடமும்கூட.