காமெடியா, பாட்டா: ஒன்றைத் தேர்ந்தெடு என்று மகளிடம் சொல்லலாமா?

கேள்வி: மகள் நியூ ஜெர்சியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு. டிவி காமெடி எழுதப் போகிறேன் என்கிறாள். ராத்திரியானால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ராப் பாடிப் பதிவு செய்கிறாள். ஏதாவது ஒன்றை முடிவு செய் என்றால், "டொனால்ட் க்ளோவர் ரெண்டும் செய்யலையா அம்மா?" என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?
- ஒரு தாய், எடிசன்

பதில்: தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள் சகோதரி. ஆனால் டிவி காமெடி எழுதி, நடித்து, ராப்பும் பாடுகிற அந்த அமெரிக்கக் கலைஞர் க்ளோவர் எப்படி ஆரம்பித்தார் என்று அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

சிம்ப்ஸன்ஸ் தொடருக்கு யாரும் கேட்காமலே மாதிரிக்கு ஒரு எபிசோட் எழுதி, டேவிட் மைனர் என்ற தயாரிப்பாளருக்கு அனுப்பியிருந்தார். அது பிடித்துப்போய்த்தான் 2006-ல் மைனரும், '30 ராக்' என்ற டிவி காமெடித் தொடரை உருவாக்கிய டினா ஃபேயும் அதன் எழுத்தாளர் குழுவுக்கு அவரை அழைத்தார்கள். அப்போது அவருக்கு 23 வயது, நியூயார்க் பல்கலைக்கழக விடுதியில் மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் அங்கேயே தங்கியிருந்தார். எழுத்தாளர் அறை என்பது லேசான இடமில்லை. மேஜையைச் சுற்றிப் பல பேர், நீங்கள் ராத்திரி முழுக்க யோசித்த வரியை ஒருவர் மாற்றுவார், இன்னொருவர் வெட்டுவார், சாயங்காலம் பார்த்தால் அதில் உங்கள் வார்த்தை ஒன்றுகூட மிஞ்சியிருக்காது, மறுநாள் காலையில் திரும்பவும் போய் உட்கார வேண்டும்.

பாட்டுத் துறையில் பட்ட அடி இன்னும் பெரிது. 'கம்யூனிட்டி' என்ற காமெடித் தொடரில் நடித்து முகம் தெரிந்தபிறகு, 2011-ல் சைல்டிஷ் கேம்பினோ என்ற பெயரில் ஆல்பம் போட்டார். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இதழ் கொடுத்த மதிப்பெண் பத்துக்கு 1.6! டிவியில் கிடைத்த பெயர் அங்கே கைகொடுக்கவில்லை. அவர் விடவில்லை. 2013-ல் ஒரு ஆல்பம், 2016-ல் ராப்பையே தள்ளிவைத்துவிட்டுப் பாடிய இன்னொன்று. 2019 கிராமி விழாவில் 'திஸ் இஸ் அமெரிக்கா' ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த ரெகார்ட் இரண்டையும் வாங்கியது, ஒரு ராப் பாட்டுக்கு இவை கிடைத்தது அதுதான் முதல்முறை. நடுவில் 2016-ல் 'அட்லாண்டா' என்று சொந்தத் தொடர், அடுத்த வருடமே நடிப்புக்கும் இயக்கத்துக்கும் எம்மி என்ற டிவி விருது. ராப் பாடும் உறவுக்காரனுக்கு மேனேஜராக அலைகிற ஒருவனின் கதை அது. பாட்டு உலகத்தில் இவர் கால் வைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கதை இந்த அளவுக்கு உயிரோடு வந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, பணம். உங்கள் பயம் நியாயமானது. முன்பெல்லாம் பெரிய டிவி சேனல்களின் காமெடித் தொடர் என்றால் சீசனுக்கு இருபதுக்கு மேல் எபிசோட், வருடத்தில் பெரும்பகுதி சம்பளம் வரும். 'அட்லாண்டா' முதல் சீசனே பத்துதான். எபிசோட் குறைந்தால் எழுத்தாளருக்கு வேலை வாரங்களும் குறையும், 2023-ல் அமெரிக்க டிவி, சினிமா எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் வாடகைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் வழிசெய்கிற ஒரு வேலையை அவள் கையில் வைத்துக்கொள்ளட்டும், அதில் கண்டிப்பாக இருங்கள்.

அப்புறம், இந்த செமஸ்டர் முடிவதற்குள் ஒரு ஸ்க்ரிப்டும் ஒரு பாட்டும் முழுசாக முடித்துக் காட்டச் சொல்லுங்கள். பாதியில் நிற்கும் பத்து வேண்டாம். இப்போதெல்லாம் எழுத்தாளரைத் தேடும் தயாரிப்பாளர்கள் சொந்தக் கதையில் எழுதிய முதல் எபிசோடையும் கேட்கிறார்கள், அதையே எழுதட்டும். முடித்ததும் அச்செடுத்து, ஆளுக்கு இரண்டு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு நீங்களும் அவளும் சமையலறையில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். உங்களுக்கு எங்கே சிரிப்பு வந்தது, எங்கே வரவில்லை என்று அவள் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும்.