சின்ன வயதில் இருந்த ‘ஏன், எப்படி’ ஆர்வத்தை 35 வயதுக்கு மேல் மீட்க முடியுமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: சிறு வயதில் எதைப் பார்த்தாலும் நோண்டிக்கொண்டே இருப்பாராம். இப்போது வேலை, வீடு, கைபேசி என்று நாள் ஓடுகிறது. எதிலும் மனம் ஒட்டவில்லை. சொந்தமாக எதையாவது கற்றாலோ, ஏதாவது கலை பழகினாலோ அது திரும்புமா, எந்த வகுப்பில் சேரலாம் என்கிறார்.

திரும்பும். ஆனால் ‘மறுபடியும் குழந்தையாகுங்கள்’ என்று அறிவுரை சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். குழந்தைக்கு எல்லாமே புதிது. நமக்கோ எல்லாம் பார்த்தாயிற்று, தெரிந்தாயிற்று என்ற நினைப்பு. அந்த நினைப்பில் எங்காவது ஓர் ஓட்டை விழ வேண்டும். ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அறிஞர் 1994இல் ஒரு விளக்கம் எழுதினார்: தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணில் படும்போதுதான் ஆர்வம் கிளம்புகிறது. ஒன்றுமே தெரியாத விஷயத்தில் இடைவெளி இருப்பதே நமக்குத் தெரியாது. ஆக, ஆர்வம் வரட்டும், பிறகு கற்கலாம் என்று காத்திருந்தால் வேலைக்காகாது. கொஞ்சம் கையை வைத்தால்தான் வரும்.

எனக்கு அது சோப்புத் தண்ணீரில் வந்தது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். மாலையில் பொழுது போக வாட்டர்கலர் பழக ஆரம்பித்திருந்தேன். பூ, கோப்பை, ஜன்னல் என்று வரைந்து சலித்துப்போய், ஒருநாள் கம்பியை வளையமாக வளைத்துச் சோப்புத் தண்ணீரில் முக்கி, அதில் நிற்கும் படலத்தை வரைந்து பார்ப்போமே என்று தோன்றியது. பின்னால் ஒரு கறுப்புத் துணி, முன்பக்கம் ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான் ஏற்பாடு. வளையத்தை நிமிர்த்திப் பிடித்தால் முதலில் ஒன்றும் தெரியாது. சற்றுப் பொறுத்தால் குறுக்குக் கோடுகளாக நிறங்கள் வரும். தண்ணீர் வடிய வடிய அவை கீழே இறங்கும். அடியில் இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறி, மேலே போகப் போக இன்னும் அழுத்தமான நிறங்கள், உச்சியில் வெளிறிய வெள்ளி. பிறகு அந்த வெள்ளிக்கும் மேலே படலம் கிழிந்துபோன மாதிரி கறுப்பாக ஒரு பட்டை. கிழிந்துவிட்டது என்றே நினைத்து, உலர்ந்த விரலை அங்கே வைத்தேன். பட்டென்று உடைந்தது. அப்படியென்றால் அதுவரை அங்கே படலம் இருந்திருக்கிறது!

இதை வரைய உட்கார்ந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. கை தானாக வானவில் வரிசைக்குப் போகிறது. படலமோ அந்த வரிசையில் இல்லை. அடர்ந்த மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) ஒன்று வருகிறதே, வானவில்லில் அந்த நிறமே கிடையாதே? சும்மா வேடிக்கை பார்த்திருந்தால் ‘அழகாக இருக்கிறது’ என்று போயிருப்பேன். பெட்டியிலிருந்து எந்த நிறத்தை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்ததால் கண் ஏமாற்ற முடியவில்லை. வரைவதால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். படம் சுமார்தான்.

பள்ளி இயற்பியல் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து அலைகள் பாடத்தைத் திறந்தேன். (இதே பாடத்துக்குப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, முழு மதிப்பெண் வாங்கியவன்தான். ஒரு வரிகூட நினைவில் இல்லை.) படலத்தின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது, படலத்தின் தடிமனைப் பொறுத்து ஏதாவது ஒரு நிறம் அடிபட்டுப் போகிறது. மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. நீலம் போனால் மஞ்சள் தெரியும். பச்சை போனால் மெஜந்தா. வானவில் வெள்ளை ஒளியைப் பிரித்துக் காட்டுகிறது, சோப்புப் படலம் அதிலிருந்து கழித்துக் காட்டுகிறது. கணக்கு எழுதுபவனுக்கு இது உடனே பிடிபட்டது. உச்சியில் தெரிந்த கறுப்புக்கும் இதிலேயே விடை இருக்கிறது: முன்பக்கத்தில் திரும்பும் அலை தலைகீழாகிறது, பின்பக்கத்தில் திரும்புவது ஆவதில்லை. படலம் ஒளியின் அலைநீளத்தைவிட மிகவும் மெல்லியதாகிவிட்டால் இரண்டும் எதிரெதிராகச் சேர்ந்து எல்லா நிறமும் போய்விடுகிறது. இந்தக் கறுப்பை நியூட்டனும் கவனித்து எழுதியிருக்கிறார். இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. இந்த வயதில் ஒரு பாடப்புத்தகத்தால் தூக்கம் கெட்டது என்றால் வீட்டில் யார் நம்புவார்கள்?

அப்புறம் ஒன்றிலிருந்து இன்னொன்று. கம்பியால் கனசதுரம் செய்து முக்கினால் என்ன ஆகும்? முக்குவதற்கு முன் உங்கள் ஊகத்தைத் தாளில் வரைந்துவிடுங்கள். ஆறு பக்கத்திலும் ஆறு படலம், பெட்டி மாதிரி நிற்கும் என்றுதான் பெரும்பாலோர் வரைவார்கள். வெளியே எடுத்தால் பன்னிரண்டு விளிம்பிலிருந்தும் படலங்கள் உள்ளே சரிந்து, நட்டநடுவில் சின்னச் சதுரமாக ஒரு படலத்தில் முடியும். மொத்தம் 13. குறைந்த பரப்பில் அடங்கப் பார்ப்பது படலத்தின் குணம். எங்கு பார்த்தாலும் மூன்று மூன்றாகத்தான் சேரும், நடுவே 120 பாகைக் கோணம். உறிஞ்சுகுழலைச் சோப்பு நீரில் நனைத்து அந்த நடுச் சதுரத்தில் மெல்ல ஊதினால், பக்கங்கள் லேசாகப் புடைத்த குட்டிக் கனசதுரக் குமிழி ஒன்று அந்தரத்தில் நிற்கும். இந்த விதிகளை 1873இல் நூலாக வெளியிட்டவர் பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசஃப் பிளாட்டோ. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருக்குப் பார்வை போய்விட்டது. சோதனைகளைப் பார்த்துச் சொன்னது பிறர் கண்கள்.

‘இதெல்லாம் விஞ்ஞானிகள் வேலை, நமக்கெதற்கு’ என்று தோன்றினால் ஆக்னஸ் பாக்கெல்ஸ் பற்றிப் படியுங்கள். 1862இல் பிறந்தவர், ஜெர்மனியில் வளர்ந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். வீட்டைக் கவனித்துக்கொண்டே, இயற்பியல் படித்த தம்பி மூலம் கிடைத்த புத்தகங்களைப் படித்தார். அழுக்கும் எண்ணெயும் நீரின் மேற்பரப்பை என்ன செய்கின்றன என்பதே அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி. ஒரு தகரத் தொட்டி, மேற்பரப்பை நெருக்கவும் விரிக்கவும் குறுக்கே நகர்த்தும் பட்டை, ஒரு தராசு என்று தானே கருவி அமைத்து ஆண்டுக்கணக்கில் அளந்தார். 1891இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதத்தை, ராலேயே பரிந்துரைத்து ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியிட வைத்தார். எனக்கு இதில் பிடித்தது கடிதத்துக்கு முந்தைய காலம்தான். கேட்பாரில்லை, கைதட்டலும் இல்லை, ஆனாலும் தொட்டியை விடவில்லை.

கைதட்டல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வரைவது தெரிந்ததும் நண்பர்கள் ‘இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பி, படங்களைப் போடு, விற்கலாம்’ என்றார்கள். நான் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். 1973இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், வரையப் பிடித்த மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்தது. ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு சும்மா விளையாடும் நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுக்கப்பட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. பரிசை எதிர்பார்த்துச் செய்ததுதான் கெடுத்தது. எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நாலு பேர் பார்த்தால்தான் உற்சாகம் வரும் ரகமும் உண்டு. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால் நீங்கள் ஏற்கெனவே மதிப்பெண்ணில் களைத்த ஆள் மாதிரி தெரிகிறது. கொஞ்ச நாள் யாருக்கும் காட்டாமல் செய்து பாருங்கள்.

கைபேசியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதில் உடனே விடை தேடுவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். கேள்வியை நோட்டில் எழுதுங்கள், பக்கத்திலேயே உங்கள் ஊகம், முடிந்தால் ஒரு கோட்டுப்படம். ஒரு ராத்திரி கிடக்கட்டும். தேடி விடை கிடைத்து, ஊகம் தப்பாகிப் போகும் நாள்தான் சுவாரசியம். சரியாக இருந்தால் அங்கேயே முடிந்துவிடுகிறது. சோப்பு பிடிக்கவில்லையா, விடுங்கள். காகித மடிப்பு, தையல், மிருதங்கம், மண்பாண்டம், எதுவானாலும் சரி. கையில் பிடித்துப் பார்க்க முடிகிற பொருளாகவும், அது உங்கள் ஊகத்தை மறுக்கக்கூடியதாகவும் இருந்தால் போதும். காணொளியில் மட்டும் பார்த்தால் அது மறுப்பதே இல்லை.

எந்த வகுப்பு என்ற கேள்விக்கு: இப்போதைக்கு எதிலும் சேராதீர்கள். எங்காவது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு, இதற்கு மேல் தனியாகப் போக முடியவில்லை என்று எரிச்சல் வரும்போது சேருங்கள். அப்போது ஆசிரியரிடம் என்ன கேட்பது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கு நிறம் கலப்பதில் அப்படி ஆனது, அதற்கு மட்டும் ஒருவரிடம் போனேன். கனசதுரம் செய்வதானால் ஒரு மூலையில் நீளமாகக் கம்பி விட்டுக் கைப்பிடியாக மடக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விரல் பட்டே பாதி உடையும். சோப்பு நீரில் கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் படலம் அதிக நேரம் நிற்கும்.